ஒரே கோச்சில் போன கேம் கார்டுகள்

மும்பையில் செம்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் எங்கள் கடை. நுழைந்ததும் இடது பக்கம் என் கணவருடையது. மொபைல் ரிப்பேர், சார்ஜர், கவர், கண்ணாடி ஒட்டுவது எல்லாம் அங்கே. வலது பக்கம் இருக்கிற ஒற்றைக் கண்ணாடி அலமாரியை நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் கையில் வைத்து ஆடும் கேம் மெஷினுக்கான கார்டுகள் மட்டும் இருக்கும். கார்டு என்னவோ கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. விலையைச் சொன்னால் வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

இந்த அலமாரிக்கு முன் நவி மும்பை ஐரோலியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். மகள் பிறந்த பிறகு ரயிலையும் குழந்தையையும் சேர்த்துச் சமாளிக்க முடியாமல் வேலையை விட்டேன். அப்புறம் சில வருஷம் திலக் நகர் வீட்டில் இருந்தேன். யார் வந்தாலும் "சும்மாதானே இருக்க" என்று ஏதாவது ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். சமையல், துணி, மகளின் ஹோம்வொர்க், மாமியாரின் ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்தால்தான் அந்தச் 'சும்மா'. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இந்த அலமாரி.

கேம் கார்டு ஏன் விற்கிறது, ஏன் விற்காமல் கிடக்கிறது என்று யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். மொத்த வியாபாரி ஹிந்தியில் எனக்குப் பாடம் எடுப்பார். "பாபி, படா டைட்டில் ஆயேகா தோ சேல் உட்டேகா." பெரிய கேம் வந்தால் வியாபாரம் தானாக எழும் என்கிறார். போனில் இலவசமாக ஆடக் கிடைக்கும்போது எவன் காசு கொடுத்து வாங்குவான் என்பது என் கணவரின் கட்சி. மெஷின் விற்றால்தான் கார்டு விற்கும் என்று இன்டர்நெட்டில் எழுதுகிறார்கள். நான் இதுவரை ஒரு மெஷின்கூட விற்றதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மெஷின் துபாயிலிருந்தோ குவைத்திலிருந்தோ மாமாவின் சூட்கேஸில் வந்துவிடும். கார்டுக்குத்தான் என்னிடம் வருவார்கள்.

நான் கண்டுபிடித்த காரணம் வேறு. என் வியாபாரத்தைத் தூக்கி நிறுத்துவது ரயில் டிக்கெட்.

என் கணவரின் ஊர்க்காரர்கள் தாராவியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தையல் பட்டறை, இட்லிக் கடை, சின்னச் சின்ன வியாபாரம். மே மாதம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு திருநெல்வேலிப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். தாதரில் ஏறினால் ஒன்றரை நாள் ரயில். கொங்கண் சுரங்கங்களுக்குள் போனில் சிக்னல் செத்துவிடும். பிள்ளைகள் தாய்மாரின் உயிரை எடுக்கும். கேம் மெஷினுக்கு நெட் வேண்டாம், சார்ஜ் இருந்தால் போதும். அதனால் டிக்கெட் கன்ஃபர்ம் ஆனதும் ஒரு கார்டு வாங்குவது அந்த வீடுகளில் பழக்கமாகிவிட்டது. ஏப்ரலில் என் அலமாரி காலியாகும். மற்ற மாதங்களின் வறட்சியை அந்த ஒரு மாதம் ஈடுகட்டிவிடும்.

இந்த வருஷம் ஏப்ரல் வந்தது, கூட்டம் வரவில்லை. வந்த சிலரும் வளவளவென்று பேசாமல், இன்ன கேம் என்று தீர்மானமாகக் கேட்டு வாங்கிப் போனார்கள். ஒருவர் வாங்கிய கேமை இன்னொருவர் தொடவே இல்லை. போன வருஷம் எல்லாரும் அடித்துப்பிடித்து வாங்கிய பந்தயக் கார் கேம் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் போனது. பெரிய கேம் எதுவும் வரவில்லையோ, விலை கூடிப்போனதோ என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

மாதக் கடைசியில் என் கணவர் அலமாரியைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் ஓடலையே. ஊருக்குப் போயிட்டு வந்ததும் இங்கயும் கவரு மாட்டிருவோம். நீ வேணும்னா எனக்குக் கூடமாட இரு."

கூடமாட இரு. மறுபடியும் யாராவது என்னைச் 'சும்மா இருப்பவள்' ஆக்கிவிடுவார்களோ என்று பயந்தேன். விற்கவில்லை என்பது உண்மைதானே. அவர் கவருக்கு ஆர்டரும் கொடுத்துவிட்டார்.

கொடைக்கு நாங்களும் கிளம்பினோம். இந்த முறை ஊர்ச் சங்கமே முன்கூட்டி எல்லாருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தது. ஒரே கோச்சில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். புளியோதரையும் சண்டையும் சிரிப்புமாக, கல்யாண வீட்டை அப்படியே சக்கரத்தில் ஏற்றிவிட்ட மாதிரி இருந்தது.

ரத்னகிரி தாண்டியதும் எதிர் பெர்த்தில் இருந்த பெண் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தாள். சுகர் மாத்திரையைக் கிழமைவாரியாகப் போட்டு வைக்கும் டப்பா. திங்களில் ஒன்று, செவ்வாயில் ஒன்று என்று ஒவ்வொரு அறையிலும் என் கடைக் கார்டு உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒருவன் பழைய கார்டைக் கொடுத்துவிட்டு வேறொன்றை வாங்கிக்கொண்டு ஓடினான். அடுத்தவன் பந்தயக் கார் கேட்டான்.

"அது கோச்சுக் கடைசியில இருக்கவுககிட்ட இருக்குல. சாவந்த்வாடி வந்ததும் தருவாங்க" என்று அவனை அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். "ஒரே கோச்சுல போறோம்லா மைனி. வீட்டுக்கு ஒண்ணா வேற வேற வாங்கிட்டா எல்லாப் பிள்ளையும் எல்லாத்தையும் ஆடிரும். அண்ணாச்சிதான் சங்கத்துல வச்சுச் சொன்னாவ. எதுக்கு ஆளாளுக்கு ஒரே கேமுக்குக் காசக் கரியாக்கணும்னு."

அண்ணாச்சி என்றால் என் கணவர். எனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நல்ல யோசனைதான் என்று சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

அவர் டீயோடு வந்தபோது சைடு பெர்த்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

"கேம எல்லாரும் பிரிச்சு வாங்கச் சொன்னது நீங்கதானாமே?"

புரிந்துகொண்டார். குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் நம்ம ஊர்க்காரவுக. வீட்டுக்கு வீடு ஒரே சாமானத் தள்ளிவிட்டா, கோயில்ல வச்சு என் மூஞ்சில முழிப்பாங்களா?"

"காலையில மேல் பெர்த்து அண்ணனுக்குச் சார்ஜர் கேபிள் குடுத்து முழு ரேட்டு வாங்குனீங்க. அவரு எந்த ஊரு?"

"அது தந்தா. இது நீ டைம் பாஸுக்கு வச்சது."

தந்தா என்றால் பிழைப்பு. அவருடைய கேபிள் பிழைப்பு, என் அலமாரி பொழுதுபோக்கு. அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. டீ நன்றாக இருக்கிறது என்று சொல்கிற தொனியில் சொன்னார்.

"சேல் இல்லைன்னு அலமாரிய எடுக்கச் சொன்னீங்க. சேல் ஏன் இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"ரெண்டையும் சேத்து நான் யோசிக்கவே இல்லட்டி" என்றார்.

அது பொய் இல்லை. அவர் மனசறிந்து யாருக்கும் கெடுதல் செய்யாதவர். ஆனால் அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. என் வியாபாரத்தை ஒரு வார்த்தையில் கவிழ்த்துவிட்டு, கவிழ்த்தது தெரியாமலே இருந்திருக்கிறார். திட்டம் போட்டுச் செய்திருந்தால் என் அலமாரியைப் பற்றி ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பார் அல்லவா? இதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

கொடை நன்றாகவே நடந்தது. நாங்கள் இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம்.

செம்பூருக்குத் திரும்பியபோது கவர் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. அவர் அவற்றைப் பிரிக்கவில்லை. பிரிக்கட்டுமா என்று கேட்கவும் இல்லை. என் அலமாரியை நான் துடைத்து, இருக்கிற கார்டுகளை எடுத்து அடுக்கினேன். எத்தனை நாளைக்கு என்று தெரியாமல்தான் அடுக்கினேன்.

ஒரு சாயங்காலம் ஊர்க்காரர் ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரயிலில் அந்தப் பந்தயக் கார் கேமை ஆடியதிலிருந்து பையன் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லையாம், சொந்தமாக வேண்டுமாம். என்னைக் கடந்து வழக்கம்போல நேராக இடது பக்கம் போனார்.

"அண்ணாச்சி, அந்தக் காரு கேமு ஒண்ணு எடுங்க. நமக்குள்ளதான, பாத்துப் போட்டுக் குடுங்க."

என் கணவர் ஒரு போனைப் பிரித்துப் போட்டுக் குனிந்திருந்தார். சரி என்று தலையாட்டப் போகிறார் என்று நினைத்தேன். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"என்னைக் கேக்காதிய. அது அவ கடை. ரேட்டு அவதான் சொல்லணும்."

ஊர்க்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் முழு விலையைச் சொன்னேன். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.