முத்தலிப்பின் உள்ளங்கைத் தராசு

வலது உள்ளங்கையில் பாரை மீனை ஏந்தி, ஒருமுறை மெல்லக் குலுக்கி, "நாலு கிலோ இருநூறு" என்கிறார் முத்தலிப். பிறகுதான் தராசில் போடுகிறார்கள். ஐம்பது கிராம் பிசகினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

மாலையில் அதே கைக்கு வேறு வேலை. திருகோணமலைத் துறைமுகத்து மீன்வாடிக்குப் பின்னால் குத்துச்சண்டை பழகுகிறவர்களின் அடியை, கையில் மெத்தை வைத்த பேட் மாட்டி வாங்கி, மீன் பெயரில் தீர்ப்புச் சொல்வார். அறுபது கிலோக்காரன் அடித்தால் சூரை. எழுபத்தைந்து என்றால் பாரை. "என்ட கை பொய் சொல்லாது" என்பார். தொண்ணூற்றிரண்டு கிலோ முத்தலிப், ஒருகாலத்தில் மாகாணப் போட்டியில் மூன்று பேரைப் படுக்க வைத்தவர். அவருடைய அடி மட்டும் சுறா. அந்தப் பெயரை அவர் வேறு எவருக்கும் கொடுத்ததில்லை. கொடுக்கிற உத்தேசமும் இல்லை.

இப்போது தொல்லை இன்பாஸால். மனைவி பரீனாவின் தம்பி. எவ்வளவு தின்றாலும் ஐம்பத்தொரு கிலோவைத் தாண்டாத உடம்பு. வாடி முழுக்க அவன் கதைதான். உடம்பு எடைக்கு வகுத்துப் பார்த்தால் முத்தலிப்பைவிட அவன் அடிதான் பெரிது என்கிறார்கள். முத்தலிப்புக்கு வயிறு எரிகிறது.

"கிலோவுக்குப் பிரிச்சுப் பாத்தா எறும்புதான் சாம்பியன்!"

வீட்டிலும் நிம்மதியில்லை. "தம்பிட அடிய நீங்க ஒருநாளும் சரியாச் சொல்றல்ல" என்று பரீனா சோற்றோடு சேர்த்துப் போடுகிறாள். மூன்று மாதமாக இன்பாஸுக்குக் கிடைப்பது ஒரே பெயர்: விரல் நீளம்கூட வளராத சூடை.

நேற்று அவன் வந்து நின்றபோது வாடியே கூடிவிட்டது. முத்தலிப் பேட்டைக் கழற்றி எறிந்தார்.

"சூடைக்கு என்னத்துக்கு மெத்தை? வெறுங்கையில அடி, பாப்பம்."

"வேணாம் மச்சான், நோகும்."

"ஆருக்கு? அடிடா!"

அடித்தான். அந்தப் பக்கம் ஏலம் கூறிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். முத்தலிப்பின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"என்ன மீன், மச்சான்?"

"சூடைதான். போன கிழமைய விடச் சின்னது."

சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஒரு பாரை எடுக்கவேண்டும் என்று முணுமுணுத்தபடி ஐஸ் பெட்டியண்டை போனார். வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டார். பெட்டியில் மீன் தீர்ந்து வெகுநேரமாகியிருந்தது. வெறும் ஐஸ்தான் கிடந்தது. அவர் கையை வெளியே எடுக்கவில்லை.