நாலாவது கால்

ஆய்வுக்கூடத் தராசுக்கு எத்தனை கால் வேண்டும் என்று கோலாலம்பூரை அடுத்த எங்கள் ஷா ஆலம் தொழிற்சாலையில் ஒரு காலைப்பொழுது முழுக்கக் கூட்டம் போட்டார்கள். மருந்துத் தூளை மில்லிகிராம் பிசகாமல் நிறுக்கும் கருவி அது. வடிவமைத்தவன் நான். மூன்று கால் வைத்திருந்தேன். மூன்று கால் எந்த மேசையிலும் உட்காரும். நாலு வைத்தால் ஏதாவது ஒன்று அந்தரத்தில் நிற்கும். இதற்குப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை, முக்காலியில் உட்கார்ந்தவனுக்கே தெரியும்.

"நாலு கால் இருந்தாதான் பார்க்க ஸ்ட்ரோங்கா இருக்கும் லா," என்றார் மேலாளர். சுபாங் ஜெயாக்காரர், நம்ம ஆள்தான். நம்ம ஆளாக இருந்து என்ன பிரயோஜனம்? வரைபடத்தை நாலு காலாக மாற்றினேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

அந்தக் கால்களைத் திருகி மட்டம் பார்க்கிற வேலை, கிள்ளானிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணுடையது. மட்டக்கண்ணாடியின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை விடமாட்டாள். முதல் கருவியைப் பூட்டிய அன்றே என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, பொங்கப் பானைக்கு மூணு கல்லுதானே வெக்கிறோம். இதுக்கு மட்டும் ஏன் நாலு?"

கூட்டத்தில் நான் தொண்டை வறளச் சொன்னதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எனக்கு அவள்மேல்தான் எரிச்சல் வந்தது. "டிராயிங்ல உள்ளபடி செய்யுங்க," என்றேன்.

தொழிற்சாலையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அங்கே கருங்கல் மேடை, கண்ணாடி மாதிரி சமம். வாடிக்கையாளர்களின் மேசை அப்படியா இருக்கும்? இரண்டே மாதத்தில் புகார்கள் வந்தன. ரவாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். மேசையில் கை ஊன்றினாலே எண்கள் ஓடின. நாலாவது காலுக்கு அடியில் யாரோ அட்டையை மடித்துச் செருகியிருந்தார்கள்.

காரணம் என்ன என்று அறிக்கை எழுத வேண்டியதும் நான்தான். மேலாளர் அறைக் கதவைச் சாத்தினார்.

"டிசைன் தப்புன்னு எழுதினா, போன மெஷின் எல்லாம் திரும்பி வரும். ஆப்பரேட்டர் எர்ரர்னு போடு. உன் சீனியர் புரமோஷன் லெட்டர் மேல போயிருக்கு, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. மட்டம் பார்த்தவரின் கவனக்குறைவு என்று எழுதினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டையும் பிரித்து வைத்தவன் நான். அவளுடைய ஒப்பந்தத்தை அவர்கள் நீட்டிக்கவில்லை. கடைசி நாளில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள், என்னிடமும்தான். எனக்கு சீனியர் பதவி வந்தது. பிரிக்பீல்ட்ஸில் நண்பர்களுக்கு வாழையிலைச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தேன். வெட்கங்கெட்ட வயிறு, நன்றாகவே சாப்பிட்டது.

மூன்று வருடம் கழித்துப் பொங்கலுக்கு முதல் நாள் கிள்ளானுக்குக் கரும்பு வாங்கப் போனேன். தெருவோரத்தில் லோரியை நிறுத்தி அவளும் அவள் கணவரும் கரும்பும் மண்பானையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். அதற்குள் அவள் என்னைக் கண்டுகொண்டு, "வாங்கண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

கரும்பைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, நான் போன பிறகு அந்த மெஷின் ஆட்டம் நின்னுச்சா?"

அந்தக் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. "இல்ல. நிக்கல," என்றேன்.

அவள் சட்டென்று கணவர் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? என் கை சரியாதான் இருந்துச்சுன்னு எத்தன தடவ சொன்னேன். நீங்கதான் நம்பல."

அவர் குனிந்து பானைகளைத் துடைத்தார். அப்படியானால் யார் தவறு என்று அவள் கேட்கவில்லை. கேட்பாளோ என்று பயந்து, கரும்பை எடுத்துக்கொண்டு நான் வேகமாகக் காருக்கு நடந்தேன்.