ஆம்ப்ரோஸ் வீட்டு கேக்

பிரேசர் டவுன் தபாலாபீசில் கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்துப் பைகளில் போடுவது ஆம்ப்ரோசின் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கார்டுகூட அவர் கையால் தப்பான பைக்குப் போனதில்லை என்று பெயர். ஆனால் கண்டோன்மெண்டில் அவரைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் தபாலாபீஸ்காரர் என்பதே தெரியாது. அவர்களுக்கு அவர் சாப்பாட்டு ஆம்ப்ரோஸ்.

எங்கே என்ன தின்ன வேண்டும் என்று கேட்டால் அவர் யோசிக்கவே மாட்டார். மாஸ்க் ரோட்டு பேக்கரியில் காலை ஆறரைக்கு முதல் தட்டு பன் இறங்கும்; ஏழு மணிக்குப் போகிறவன் மீதியைத் தின்கிறான் என்பார். பிளாக்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் வெள்ளிக்கிழமை மட்டும் ஆட்டுக்கால் பாயா. கமர்ஷியல் தெருச் சந்தில் வெங்காய சமோசா, அதுவும் கிழவர் கடையில் இருக்கும்போது. மகன் இருந்தால் திரும்பி வந்துவிட வேண்டும். சிக்பேட்டை பிராமணாள் காபி கிளப்பில் அவரைப் போன்றவர்களுக்கு வெளிக்கூடத்தில்தான் இடம். உட்கார்ந்து இரண்டு தோசை தின்றுவிட்டு, "உள்ள உக்காந்தவனுக்கும் இதே ருசிதான்" என்று சொல்லிவிட்டு வருவார்.

ஆபீஸ் ஹெட்கிளார்க் சீனிவாசராகவன்கூட அவரிடம்தான் ரகசியமாகக் கேட்பார்.

"ஆம்ப்ரோஸ், நேத்து வாங்கிண்டு வந்தீரே அந்த பிஸ்கட், அதுல முட்டை இல்லையே?"

"இல்ல சார்."

"நிச்சயமா?"

"நீங்க கேக்கிற வரைக்கும் இல்ல சார்."

ஹெட்கிளார்க் அதற்குமேல் கேட்டதில்லை. பிஸ்கட்டையும் நிறுத்தவில்லை.

இப்படி ஊரெல்லாம் தின்றவர் தன் வீட்டில் மட்டும் அவ்வளவாகச் சாப்பிட்டதில்லை. மனைவி பெர்பெத்துவா சமைத்து மூடிவைத்திருப்பாள். இவர் வயிறு நிறைந்து, கையில் எண்ணெய்க் கறை படிந்த பொட்டலத்தோடு வந்து நிற்பார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. மூடிவைத்ததை அவளே மறுநாள் சுடவைத்துத் தின்பாள்.

கிறிஸ்துமஸ் கேக் ஒன்றுதான் தப்பாமல் அவர் நாக்குக்கு வந்து சேரும். அவள் ஆகஸ்டிலேயே பழங்களை நறுக்கி, ரம் ஊற்றி, பீங்கான் ஜாடியில் அடைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். கல்யாணமான முதல் வருஷம் கடையில் விற்கிற ஆரஞ்சுத் தோல் வாங்க வசதியில்லாமல், கொல்லையில் காய்த்த நார்த்தங்காயின் தோலைப் பாகில் போட்டுக் காயவைத்துச் சேர்த்தாள். அதற்குப் பிறகு வசதி வந்தபோதும் அதை மாற்றவில்லை. சர்க்கரையையும் மற்றவர்களைவிட ஒரு நிமிஷம் அதிகமாகக் கருக்குவாள்.

ஒவ்வொரு வருஷமும் ஆம்ப்ரோஸ் ஒரு துண்டு மென்றுவிட்டு அதையேதான் சொல்வார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெமிஜியஸ் கடை கேக்குல ஒரு பதம் இருக்கு பாரு..."

"அப்போ ரெமிஜியஸையே கட்டிகினிருக்கலாமே" என்பாள் பெர்பெத்துவா.

1936 அக்டோபரில் மூன்று வாரக் காய்ச்சலில் அவள் இறந்துபோனாள்.

காரியங்கள் முடிந்து வீட்டைப் பெருக்கும்போது அவளுடைய தங்கை ஜூடித் கட்டிலுக்கடியிலிருந்து ஜாடியை இழுத்தாள். துணி கட்டியபடியே இருந்தது. அவிழ்த்ததும் அறை முழுக்க ரம்மும் நார்த்தங்காயும் மணத்தன. ஆம்ப்ரோஸ் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அவருக்கு இன்னும் ஒரு கேக் மீதி இருந்தது. அதை முழுசாக உட்கார்ந்து தின்ன வேண்டும், எந்தக் கடையின் பெயரையும் எடுக்காமல் தின்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அந்த இரண்டு மாதமும் பார்த்தவர்களிடமெல்லாம் அந்த ஜாடியைப் பற்றித்தான் பேச்சு.

தங்கவயலில் புருஷன் வீட்டிலிருந்த ஜூடித், சொன்னபடி டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி வந்தாள். அக்காவின் நோட்டைப் பார்த்து மாவு, முட்டை, வெண்ணெய் சேர்த்துக் கலந்து டின்னில் ஊற்றினாள்.

கண்டோன்மெண்டில் அந்தக் காலத்தில் வீட்டில் அடுப்பு வைத்து கேக் சுட்டவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் கலந்த மாவை டின்னோடு பேக்கரிக்குத் தூக்கிப் போவார்கள். கடைக்காரர் ரொட்டி சுட்டு முடித்த விறகடுப்பில் வரிசையாக டின்களைத் தள்ளுவார். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிச் செய்த சதுர டின்கள். பிளாக்பள்ளியில் ஒரே தகரக்கடைக்காரர் அடித்தவை. ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும். அதனால் எல்லாரும் ஏதாவது அடையாளம் வைப்பார்கள்.

"அக்கா இன்னா அடையாளம் வைக்கும்னு எனக்குத் தெரியாது மாமா. நீங்களே வெச்சிடுங்க" என்றாள் ஜூடித்.

ஆம்ப்ரோசுக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றுதான். தபாலாபீஸ் லேபிள் ஒன்றை எடுத்து, பெயர், வீட்டு எண், தெரு என்று குண்டு குண்டாக எழுதி, டின்னின் அடியில் கோந்து தடவி ஒட்டினார். நான்கு மூலையையும் அழுத்தித் தேய்த்தார். உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் திரும்பி வந்துவிடும் போலிருந்தது.

ரெமிஜியஸ் கடையில் அன்றைக்குக் காலே வைக்க முடியாத கூட்டம். மேஜையில் நூற்றுக்கும் மேல் டின்கள்.

"அடையாளம் இருக்காண்ணே?" என்று உள்ளிருந்தே கத்தினார் ரெமிஜியஸ்.

"அடியில இருக்குப்பா!"

"சரி வை, வை. நாளைக்கு சாயங்காலம் வா."

மறுநாள் சாயங்காலம் போனபோது மேஜையில் பத்துப் பன்னிரண்டு டின்கள் மிஞ்சியிருந்தன. ரெமிஜியஸ் ஒன்றை எடுத்து, "மத்ததுல எல்லாம் அடையாளம் இருக்கு, இதுல ஒண்ணும் இல்ல, உன்னுதுதான்" என்று கொடுத்தார். ஆம்ப்ரோஸ் திருப்பிப் பார்த்தார். தகரம் கருகியிருந்தது. அடுப்புச் சூட்டில் லேபிள் போயிருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இருந்தாலும் மேலே கறுப்பாக, நன்றாகத்தான் உப்பியிருந்தது. கொண்டுவந்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து வந்து, ஜூடித் கேக்கை வெட்டி முதல் துண்டை அவரிடம் நீட்டினாள். அவர் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார்.

சோடா கரித்தது. நடுவில் வேகாத மாவு பல்லில் ஒட்டியது. நார்த்தங்காய் இல்லை.

"இன்னா மாமா?"

"இது அவளுது இல்ல."

ஜூடித்தும் ஒரு விள்ளல் தின்று பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஆம்ப்ரோஸ் கோட்டைக்கூட மாட்டாமல் ரெமிஜியஸ் வீட்டுக்கு நடந்தார்.

ரெமிஜியஸ் பனியனோடு, இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"பேப்பரா? அடுப்புல போற டின்னுக்கு பேப்பர் ஒட்டுவாங்களாண்ணே! அக்கா வருஷா வருஷம் மேல மூலையில மூணு கிராம்பு நட்டு அனுப்பும். தூரத்துலேயே சொல்லிடுவேனே!"

மூன்று கிராம்பு. ஆம்ப்ரோஸ் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவற்றைப் பிடுங்கித் தட்டின் ஓரத்தில் போட்டிருக்கிறார். இந்தக் கிராம்பை எதுக்கு வைக்கிற, பல்லுல குத்துது என்று பல வருஷம் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று அவளும் சொன்னதில்லை.

"அடுப்புல இருந்து அடையாளம் இல்லாம வந்தது ரெண்டே டின்னு" என்றார் ரெமிஜியஸ். "இன்னொண்ணு ஜெயராஜ் சார் வீட்டுது. அவரு பொண்ணு டோரீன் மொத தடவையா செஞ்சுகினு வந்துச்சு. கோயில்ல குடுத்த குருத்தோலைத் துண்டு சொருகியிருந்திச்சாம், அதுவும் எரிஞ்சு போச்சு. போய் மாத்திக்கண்ணே. நம்ம ஜெயராஜ் சார்தானே."

டெலிகிராப் ஆபீஸ் ஜெயராஜ் நல்ல மனிதர்தான். ஆம்ப்ரோஸ் வீட்டுக்கு வந்து, வெட்டிய இரண்டு துண்டு போக மீதி கேக்கைத் தட்டில் வைத்து, பெர்பெத்துவா பின்னிய லேஸ் துணியால் மூடினார். கிறிஸ்துமஸன்று தட்டோடு போகிறவரை யாரும் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். ஜெயராஜை வாசலுக்குக் கூப்பிட்டு, காதோடு சொல்லி, தட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட வேண்டியது.

"எந்த வீடு மாமா?" என்று கேட்டாள் ஜூடித். அவள் வாயைத் தெரிந்தவர் என்பதால், "வந்து சொல்றேன்" என்று நடந்தார்.

ஜெயராஜ் வீட்டு வாசலில் இரண்டு ஜட்கா நின்றிருந்தன. அவர் தயங்குவதற்குள் ஜெயராஜ் ஓடிவந்து தோளைப் பிடித்துவிட்டார்.

"வாங்கண்ணே! சரியான நேரத்துல வந்தீங்க. ஜோலார்பேட்டையில இருந்து டோரீன பாக்க வந்திருக்காங்க. மாப்பிள்ள ரயில்வே கார்டு."

"ஜெயராஜ், ஒரு நிமிஷம், தனியா..."

"எல்லாம் அப்புறம் பேசலாம், உள்ள வாங்க!"

உள்ளே ஏழெட்டுப் பேர். மாப்பிள்ளை நோயல் கழுத்துப் பட்டைக்குள் திணறிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் அகலமான ஜரிகைப் புடவையில் அவன் அம்மா. மேஜை நடுவில் ஒரு சதுர கேக், முக்கால்வாசி தீர்ந்திருந்தது. வெட்டிய பக்கம் கரி மாதிரி கறுப்பு; அதில் பச்சையும் மஞ்சளுமாகத் தோல் துண்டுகள் மின்னின.

"இவருதான் ஆம்ப்ரோஸ்" என்றார் ஜெயராஜ். "இவரு நல்லா இருக்குன்னு சொன்னா கண்டோன்மெண்ட்டுல அந்தக் கடை பொழைச்சுது."

"அப்போ இத சாப்பிட்டுட்டு சொல்லுங்கண்ணே" என்று நோயலின் அம்மாவே ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். "மறைக்காம சொல்றேன், காலையில வரும்போது எனக்கு அரை மனசுதான். பொண்ணு படிச்ச பொண்ணாச்சே, அடுப்பாங்கரை பக்கம் போகுமான்னு. இத வாயில வெச்சேன், சரின்னுட்டேன்."

டோரீன் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவள் கண்கள் ஆம்ப்ரோசையும் அவர் கையிலிருந்த மூடிய தட்டையும் மாறி மாறிப் பார்த்தன. அவளுக்குத் தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு தின்றார். கருக்கிய சர்க்கரையின் மெல்லிய கசப்பு முதலில் வந்தது. பிறகு ரம். கடைசியில், எல்லாம் போன பிறகு, நாக்கின் ஓரத்தில் நார்த்தங்காய். நாக்கு எந்தக் கடைக்கும் ஓடவில்லை. அங்கேயே நின்றது.

"எப்படி?" என்றார் ஜெயராஜ்.

"இதுக்கு மேல..." என்று ஆரம்பித்தவர் விழுங்கிவிட்டு, "இதுக்கு மேல இல்ல" என்றார்.

"பாத்தியாடா!" என்று நோயலின் அம்மா மகன் முதுகில் தட்டினாள். "ஆமா, இது இன்னா தோலும்மா? ஆரஞ்சு மாதிரி இல்லியே?"

டோரீன் கையிலிருந்த தட்டுகளைக் குனிந்து பார்த்தாள். ஒரு கணம் அறையே அவளைப் பார்த்தது.

"நார்த்தங்காய்" என்றார் ஆம்ப்ரோஸ். "பாகுல போட்டு வெயில்ல காய வெக்கணும்."

"பொண்ணு சொல்லலியே!"

"வீட்டு ரகசியத்த யாரும்மா சொல்லுவாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். டோரீன் தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எழுந்து போயிருந்தால் சரியாகியிருக்கும். ஆனால் நோயலின் அம்மா அவர் மடியிலிருந்த தட்டை எடுத்து, லேஸ் துணியை விலக்கி, "உங்க வீட்டுதும் ஒரு துண்டு பாப்போமே" என்று விண்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

மென்றாள். நிறுத்தினாள். மறுபடி மென்றாள்.

"இது யார் செஞ்சதுண்ணே?"

ஆம்ப்ரோஸ் பதில் சொல்வதற்குள் ஜெயராஜ் குரலைத் தாழ்த்தி முந்திக்கொண்டார். "அவரு சம்சாரம் ஊற வெச்ச பழம். அக்டோபர்ல தவறிட்டாங்க, பாவம்."

"ஐயோ, ஆண்டவரே!" அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "போனவங்கள ஒண்ணும் சொல்லக்கூடாது. பாவம், சோடா கை மீறிடிச்சு. நடுவுல வேகவும் இல்ல. எல்லாருக்கும் அந்தக் கை வராதுண்ணே. நீங்க ஏன் ஊரெல்லாம் தின்னீங்கன்னு இப்போ தெரியுது!"

ஜெயராஜ் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருமினார். ஆம்ப்ரோசுக்குக் காது சுட்டது. ஒரு வார்த்தை போதும். அம்மா, நீங்க தின்னுட்டு இருக்கிறதுதான் என் பெண்டாட்டி செஞ்சது. உங்க வாயில இப்போ இருக்கிறது உங்க வருங்கால மருமக செஞ்சது. வாயைத் திறந்தேவிட்டார். சுவரோரம் டோரீனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவள் தலையைக்கூட ஆட்டவில்லை; வேண்டாம் என்றும் கேட்கவில்லை. வருவது வரட்டும் என்று நின்றாள்.

"ஆமாம்மா" என்றார் ஆம்ப்ரோஸ். "அவ எப்பவும் சோடா கொஞ்சம் தாராளமாத்தான் போடுவா."

சொன்ன பிறகு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்தார். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பியனுப்பக் கூடாது என்று ஜெயராஜின் மனைவி அதை வாங்கி உள்ளே போனாள். மேஜையில் கடைசியாக இருந்த நான்கு துண்டுகளை, வீட்டிலிருக்கும் புருஷனுக்கென்று நோயலின் அம்மா காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை அவர் நின்று பார்த்தார். நூல் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

தட்டு கல்கல்ஸ், ரோஸ் குக்கீஸ் என்று எண்ணெயில் பொரித்த பலகாரமாக நிறைந்து வந்தது.

"கேக் தீந்துடிச்சுண்ணே, தப்பா நெனைக்காதீங்க" என்றாள் ஜெயராஜின் மனைவி. "உங்களுக்கா கேக்குக்குப் பஞ்சம்! ரெமிஜியஸ் கடையே உங்க கடைதானே."

டோரீன் கேட் வரைக்கும் வந்தாள்.

"அங்கிள், காலையில டின்ன கவுத்தப்பவே உங்க வீட்டுதுன்னு வாசனையில தெரிஞ்சுபோச்சு. ஓடி வரணும்னு நெனச்சேன். அதுக்குள்ள வண்டி வந்து நின்னுடிச்சு. அவங்களே கத்தி எடுத்து..."

"சரிம்மா."

"நான் வேணும்னா இப்போ போய் சொல்லிடறேன் அங்கிள்."

அவள் சொல்லிவிடுவாள் போலத்தான் இருந்தது. உள்ளே நோயலின் அம்மா எதற்கோ பலமாகச் சிரித்தாள்.

"அடுத்த வருஷம் சோடாவ பாதியா கொறை" என்றார் ஆம்ப்ரோஸ். "விறகடுப்புக்கு அது போதும்."

வீட்டுக்கு வந்தபோது ஜூடித் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கெடைச்சுதா மாமா? எந்த வீட்டுல இருந்துச்சு?"

"கெடைக்கல."

"நல்லா விசாரிச்சீங்களா? நான் போய் அந்த ரெமிஜியஸ ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா?"

"வேணாம். விடு."

அவள் தட்டை வாங்கி மேஜையில் வைத்து, துணியை எடுத்துவிட்டு ஒரு கல்கல்ஸைக் கடித்தாள்.

"நல்லா மொறுமொறுன்னு இருக்கே. யார் வீட்டுது?"

"ஜெயராஜ் வீட்டுது."

"அவங்க கேக் செய்யலியா?"

ஆம்ப்ரோஸ் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"தீந்துடிச்சாம்" என்றார்.