ஆரலுக்குப் போட்ட மணல்

அத்தானை நினைத்தால், எங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டுக் குளியல் தொட்டியருகே முழந்தாளிட்டு மணல் கழுவிக்கொண்டிருந்தவராகத்தான் முதலில் தெரிகிறார். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. அக்காவும் கைக்குழந்தையும் முன்னமே கனடா வந்து என்னோடு இருந்தார்கள். மன்னாரில் தங்கிப்போன அத்தான் வந்து சேரும்போது மகளுக்கு ஏழு வயது. தொலைபேசியில் நன்றாகக் கதைத்த பிள்ளை, ஆளை நேரில் கண்டதும் ஒதுங்கிக்கொண்டாள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து ஆண் ஆசிரியர்களைக் கூப்பிடுவதுபோல அவரை ‘மிஸ்யூ’ என்றாள். அதைக் கேட்ட முதல் நாள் அக்கா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு ஒருநாள், புரோசார்ட்டில் வளர்ப்பு மீன் விற்கும் கடையொன்றில் அத்தான் ஆரலைக் கண்டார். ஊரில் குளத்து ஆரலைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டவர், இங்கே தண்ணீர்ப் பையோடு அதை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தார்.

“குழம்புக்கோ?” என்றாள் அக்கா.

“இல்லை, வளர்க்க.”

கூழாங்கல் அதன் தோலைக் கிழித்துவிடும் என்று மென்மணல் வாங்கிக் கழுவிக் கண்ணாடி மீன்தொட்டியில் போட்டார். பகல் முழுக்க ஆரல் அதற்குள் புதைந்து கிடக்கும். கூரிய மூக்கு மட்டும் வெளியே தெரியும். பிள்ளை கதவோரம் நின்று பார்ப்பாள்; அவர் வந்தால் போய்விடுவாள்.

ஒரு சனிக்கிழமை காலை அந்த மூக்கைக் காணவில்லை. அத்தான் மணலைக் கிளறினார், இல்லை. மூடியில் குழாய் போகும் இடைவெளி அடைபடாமல் இருந்தது. பிள்ளை விம்மத் தொடங்கினாள். அவர் தரையில் குப்புறப் படுத்து சோபாவின் கீழே தேடினார். சற்று நேரத்தில் அவளும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். பிரிட்ஜுக்குக் கீழே முதலில் கண்டது அவள்தான்.

“அந்தா கிடக்கு.”

தூசி அப்பிய பழைய நாடாவைப்போலக் கிடந்தது. செத்துவிட்டதென்றே நினைத்தோம். அத்தான் எடுக்கும்போது முதுகு முள் விரலில் குத்தியது.

“முள்ளை விரிக்குது. உயிர் இருக்கு, மகள்.”

தண்ணீரில் விட்டதும் ஆரல் சரிந்து கிடந்தது. செவுள் மெல்ல அசைந்தது. பிறகு வாலை ஒரு சுழற்றுச் சுழற்றி மணலுக்குள் நுழைந்துவிட்டது.

பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு கோபமாகத் திரும்பினாள்.

“அப்பா, மூடியை வடிவா மூடத் தெரியாதோ உங்களுக்கு?”

“இனி மூடுறன், மகள்,” என்றார் அத்தான்.

அக்காதான் முதலில் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் வெகுகாலம் கேட்டிருக்கவில்லை.

இன்று அந்தப் பிள்ளை வேலைக்குப் போகிறாள். வாயைத் திறந்தால் பிரெஞ்சுதான். தகப்பனைத் திட்டுவதற்கு மட்டும் அது அவளுக்குப் போதவில்லை. தமிழில்தான் திட்டுகிறாள். அத்தான் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டிருப்பார்.