கல்கத்தாவுக்குக் குறுக்கே நின்ற கூட்ஸ் வண்டி

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, கொருக்குப்பேட்டையில் நடந்தது. எங்கள் தெருவில் சொந்தப் பட்டறை வைத்து, சொந்தமாகக் காரும் வாங்கியவன் நான் ஒருத்தன்தான். மூணாம் கிளாஸைத் தாண்டவில்லை. ஆனாலும் உலக விஷயம் எதைக் கேட்டாலும் சொல்வேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் புருஷன் கப்பல் வேலைக்காரன். கல்கத்தா துறைமுகத்தில் தவறி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், நாளை மறுநாள் காலை ஆபரேஷன், பிழைப்பது சந்தேகம் என்று தந்தி வந்தது. அதற்குள் ஒருதரம் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் அழுதாள். ரயிலில் இரண்டு ராத்திரி ஆகும், ஆபரேஷனுக்கு முன்னால் போய்ச் சேர முடியாது.

நான் எதற்கு இருக்கிறேன்? ரயில் வளைந்து வளைந்து ஆயிரம் மைலுக்கு மேல் ஓடுகிறது, ஆகாயத்தில் வளைவு கிடையாது, காலையில் ஏறினால் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடலாம் என்று தெருவுக்கே கேட்கும்படி விளக்கினேன். பிளேன் டிக்கெட்டும் நானே எடுத்தேன். "கல்கத்தா தோ கீதும்மா" என்றேன்.

மறுநாள் காலை மீனம்பாக்கத்துக்குக் காரை எடுத்தேன். இரண்டு தெரு தாண்டியதும் ரயில்வே கேட். குறுக்கே கூட்ஸ் வண்டி. தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. அடுத்த கேட்டையும் அதுதான் மறித்திருந்தது. எப்போது எடுப்பான் என்று கேட் கீப்பரைக் கேட்டேன்.

"தோ எட்த்துடுவான்" என்றார்.

எங்கள் பக்கத்துத் 'தோ' இந்த நிமிஷமாகவும் இருக்கலாம், பொழுது சாயவும் ஆகலாம். நான் சொன்ன 'தோ' எனக்கே சுருக்கென்று தைத்தது. அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டு ரயிலையே பார்த்தாள்.

கடைசியில் இரண்டு பேரும் வேகனுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனோம். ஒரு ரிக்ஷாகூட இல்லை. மீன் கூடைகளோடு ஒரு பழைய வேன் மட்டும் எங்கள் பக்கம் வரக் காத்திருந்தது. அதன் டிரைவர் முன்பின் தெரியாத ஆள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"உன் காரு அங்க கீது, என் வேனு இங்க கீது. நீ இத்த எட்த்துக்கினு போ நைனா. கூடைங்கள உன் கார்ல ஏத்திக்கினு நான் போறேன்" என்று சாவியை நீட்டினார்.

என் காரிலா மீன் கூடை? கை பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை.

"உன் காரை நான் துன்னுடமாட்டேன் மாமு. அந்தப் பொண்ணப் பாரு."

பார்த்தேன். சாவியைக் கொடுத்தேன்.

பிளேன் புறப்படுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். மீன் செதில் ஒட்டிய புடவையோடு அவள் ஆகாயத்தில் போனாள். ஆபரேஷனுக்கு முன்னால் புருஷனைப் பார்த்துவிட்டாள். சில மாதம் கழித்து அவன் கம்பு ஊன்றிக்கொண்டு எங்கள் தெருவில் நடந்து வந்தான்.

அவளைப் பிளேன் ஏற்றிய அன்று சாயங்காலமே அந்த வேன்காரர் காரைக் கழுவி, வீட்டை விசாரித்து, என் வாசலில் கொண்டுவந்து விட்டுத் தன் வேனை எடுத்துப் போனார். ஆனால் வாசனை போகவில்லை. ஏறியவர்கள் மூக்கைச் சுளித்தால், கல்கத்தா வாசனை என்பேன். ஆயிரம் மைலைத் தாண்ட ஒரு மிஷின் போதுமாக இருந்தது; தண்டவாளத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகத்தான், பேர்கூடத் தெரியாத ஒரு மனுஷன் முதலில் தன் சாவியை நீட்ட வேண்டியிருந்தது.