அலுமாரிக்குள் அலறிய எச்சரிக்கை

வானிலைக் கந்தோரின் புயல் எச்சரிக்கையை மீனவர்களின் போனுக்கு அனுப்பும் செயலி ஒன்றைச் செய்தோம். ஆட்களை வைத்துச் சோதிக்கப் பணமில்லை. ஒரு பிஸ்கட் பக்கெற்றோடு மீனவக் கிராமமான பேசாலையில் எனக்குத் தெரிந்த மெற்றில்டா அக்கா வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவரின் போனில் முதல்நாளே செயலியைப் போட்டிருந்தேன். அவர் கடலுக்குப் போயிருந்தார். காற்று திசை மாறிக்கொண்டிருந்தது.

முற்றத்தில் இருந்தபடி சோதனை எச்சரிக்கையை அனுப்பினேன். வீட்டுக்குள் அலுமாரி அலறியது.

“அண்ணை போனை விட்டிட்டோ போனவர்?”

“ஓம் தம்பி. உப்புத்தண்ணி பட்டாப் பழுதாப் போயிடுமெண்டு இஞ்ச ஒருத்தரும் கொண்டுபோறேல்லை.”

இதை நாங்கள் எவரிடமும் கேட்டதேயில்லை. எச்சரிக்கைக்குச் சிவப்பா, மஞ்சளா என்றுதான் மாதக்கணக்காகச் சண்டை பிடித்தோம்.

அலுமாரி மறுபடியும் அலறியது.

“இதுவும் சோதினைதானே, தம்பி?” என்று அக்கா சிரித்தார்.

என் போன் பிஸ்கட் பக்கெற்றுக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் எதையும் அழுத்தியிருக்கவில்லை.