தம்பிக்குக் கொடுக்க முடியாத கிட்னி

கொளஞ்சியம்மாளின் இடது கிட்னி ஏழு சென்டிமீட்டர். வலது பன்னிரண்டு. ஐம்பத்து மூன்று வயதுவரை இது அவளுக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. காடாம்புலியூரில் முந்திரி உடைத்தாள். கணவன் போன பிறகு மகனை டிப்ளமோ படிக்க வைத்தாள். பிரசவத்துக்குத் தவிர ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை. தெரிந்த பிறகு இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் உயிரோடு இருந்தாள். அதில் பெரும்பகுதி, சொந்தக்காரர்கள் அவளைப் பொய்க்காரியாகப் பார்த்த காலம்.

தம்பி உத்திராபதிக்குச் சிதம்பரத்தில் வாடகைப் பாத்திரக் கடை. சர்க்கரை அவனுடைய இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மனைவி தையல்நாயகிக்கும் சர்க்கரை, அவளால் கொடுக்க முடியாது. நான் தருகிறேன் என்று கொளஞ்சியம்மாள் தானாகத்தான் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. மகன் இளவரசு வேண்டாம் என்றான். அவள் காதில் வாங்கவில்லை. ரத்தம் பொருந்தியது.

ஸ்கேன் டாக்டர் இடது விலாவில் கருவியை வைத்து வைத்து எடுத்தார். ஒருக்களிக்கச் சொன்னார், மூச்சைப் பிடிக்கச் சொன்னார். சின்ன வயதில் அடிக்கடி காய்ச்சல் வருமா, ஒன்றுக்குப் போகும்போது எரியுமா என்று விசாரித்தார். பிறகு சி.டி. எடுத்தார்கள். எந்தக் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க இன்னொரு ஸ்கேனும் எடுத்தார்கள். எல்லாம் முடிந்ததும் பெரிய டாக்டர் இளவரசுவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவன் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். சொன்னால் புரிந்துகொள்வான் என்று நினைத்திருப்பார். கதவு சாத்திக்கொண்டது. வெளியே பெஞ்சில் கொளஞ்சியம்மாளும் தையல்நாயகியும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அவன் வெளியே வந்து சொன்னது சுருக்கம். நோயில் சுருங்கிய கிட்னி என்றால் ஓரம் மேடும் பள்ளமுமாக, தழும்போடு இருக்கும். இது வழவழப்பாக, வடிவம் கெடாமல், அளவில் மட்டும் சின்னதாக இருக்கிறது. அதற்குப் போகும் ரத்தக்குழாயும் மெல்லியது. பிறவியிலேயே வளராமல் நின்றுபோனது. மொத்த வேலையில் ஆறில் ஒரு பங்குதான் அது செய்கிறது. மீதியை வலது கிட்னி, தான் பெருத்து, இழுத்துக்கொண்டு போகிறது. பிபியும் கூடியிருக்கிறது. பெரியதை எடுத்தால் அம்மா தாங்க மாட்டாள். சின்னதை வைத்தால் மாமாவுக்குப் பத்தாது.

தையல்நாயகி கொளஞ்சியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"அந்தச் சின்னதயாவது குடுங்கண்ணி. ஒண்ணுமே இல்லாதவருக்கு அது இருந்துட்டுப் போவட்டுமே."

"அது அவருக்கு ஓடாது அத்த" என்றான் இளவரசு.

"அம்பத்து மூணு வருசமா ஓடுன கிட்னி. எங்க வூட்டுக்கு வரும்போது மட்டும் ஓடாதா?" என்றவள், சாத்தியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உள்ள என்னப்பா அவ்ளோ நேரம் பேசுன?"

அந்தக் கேள்வி கொளஞ்சியம்மாளோடு பஸ் ஏறி வீடுவரை வந்தது. பையன் முதலிலிருந்தே வேண்டாம் என்றவன். அந்த அறைக்குள் போகும்வரை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவன், வெளியே வந்ததும் கேன்டீனில் இட்லி கேட்டு வாங்கி, சாம்பாரை இரண்டாம் முறை ஊற்றச் சொன்னான். டாக்டரிடம் என்ன சொல்லியிருப்பான்? டாக்டரும் ஒரு தாய்க்குப் பிறந்தவர்தானே, கெஞ்சினால் எழுதித் தர மாட்டாரா? தன் வயிற்றில் பிறந்தவனையே அவள் இரண்டு வாரம் ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்படி அவன் செய்திருந்தால் தம்பியின் சாவு தன் தலையில்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

மகனுக்குச் சொல்லாமல் ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டாள். தையல்நாயகியைக் கடலூருக்கு வரச் சொன்னாள். ஒரு கிளினிக்கில் வயிற்றுவலி என்று மட்டும் சொல்லிச் சீட்டு வாங்கி, முன்பின் தெரியாத ஸ்கேன் சென்டருக்குப் போனாள். இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துக் காத்திருந்து, தையல்நாயகியையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்தது ஒரு லேடி டாக்டர். கருவி இடது பக்கம் போனதும் அவர் கை நின்றது.

"எடது கிட்னி சின்னதுன்னு யாராச்சும் சொல்லிருக்காங்களாம்மா? பொறவியிலேயே இப்டி இருக்கலாம். பயப்படாதீங்க. பிபி மட்டும் பாத்துக்குங்க."

கொளஞ்சியம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் என்று டாக்டர் நினைத்துக்கொண்டு டிஷ்யூ கொடுத்தார். பையன் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது போதும். தையல்நாயகியும் திரையில் இரண்டு கிட்னியையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தாள்.

ஷேர் ஆட்டோவிலிருந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது தையல்நாயகி சொன்னாள். "ஒங்க புள்ள வேல பாக்குற ஊராச்சே அண்ணி."

அடுத்த வாரம் கொளஞ்சியம்மாள் டயாலிசிஸ் நடக்கும் இடத்துக்கே போய்த் தம்பியின் பக்கத்தில் நின்றாள். அவன் கையில் ஊசி குத்தியிருந்தது.

"தர மனசில்லன்னு சொல்லிருந்தா எனக்கு ஒண்ணும் கோவமில்லக்கா. பொய்தான் கஷ்டமா இருக்குது."

"பொய்யில்லடா."

"சரிக்கா" என்றான், அடம் பிடிக்கும் குழந்தைக்குச் சொல்வதுபோல. மார்கழியில் இறந்தான்.

இதற்கிடையில் கொளஞ்சியம்மாள் டாக்டர் சொன்னபடிதான் நடந்தாள். தினமும் பிபி மாத்திரை. கருவாடு, ஊறுகாய் கிடையாது. முதுகுவலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரை அறவே கூடாது. நல்ல கிட்னியையும் அது கெடுக்கும். தண்ணீர் குடிக்க வேண்டும், ஒன்றுக்கு வந்தால் அடக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியாட்டினின், மூத்திரத்தில் புரதம் பார்க்க வேண்டும். முந்திரிக் கம்பெனியில் பெண்கள் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். இவள் பாட்டிலோடு போனாள். "கலெக்டரு வராங்க பாரு" என்று கேலி செய்தார்கள். பிபி இறங்கியது. கிரியாட்டினின் ஏறவில்லை. பார்த்துக்கொண்டால் எண்பது வயதுவரை இப்படியே ஓட்டலாம் என்றார் டாக்டர்.

அதுதான் வினையாயிற்று. தம்பியின் சாவு வீட்டில் அவள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்கியபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "கிட்னி இல்லாத பொம்பளயப் பாரு, கொடத்த எப்டித் தூக்குது." தையல்நாயகிக்கும் அது கேட்டது. அவள் தலை நிமிரவில்லை.

கொளஞ்சியம்மாள் மாத்திரையை நிறுத்தினாள். யாரிடமும் சொல்லவில்லை. கருவாடு தட்டுக்குத் திரும்பியது. முதுகுவலிக்குப் பழைய மாத்திரையையே மறுபடி வாங்கினாள். மாத்திரை போட்டாயா என்று இளவரசு கேட்டால், போட்டேன் என்பாள். டெஸ்டுக்குப் போனாயா என்றால், போனேன், எல்லாம் சரியாக இருக்கிறதாம் என்பாள். அவன் நம்பினான். நன்றாக இருப்பதாகத் தெரிவதுதான் தன்மேல் உள்ள குற்றம் என்று அவள் முடிவு செய்துவிட்டது அவனுக்குத் தெரியாது.

உத்திராபதியின் தலைத் திவசத்துக்கு அவள் சிதம்பரம் வந்தபோது செருப்பு காலில் ஏறவில்லை. வெறுங்காலோடு வந்தாள். முகம் உப்பியிருந்தது. படி ஏறியதற்கே மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இலை போட்டுக்கொண்டிருந்த தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, அண்ணியின் புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஒதுக்கி, முன்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கணவன் காலில் தினமும் அழுத்திப் பார்த்துப் பழகிய விரல் அது. எடுத்தாள். குழி அப்படியே நின்றது. மேலே எழும்பவில்லை.

"அண்ணி" என்றாள். குரல் மாறியிருந்தது. "அப்ப நெசந்தானா?"

வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு அவளே ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் இளவரசுவைப் போனில் திட்டினாள், பெத்தவளைப் பார்க்கத் துப்பில்லையா என்று. கொளஞ்சியம்மாளின் இரண்டு காலையும் தன் மடியில் தூக்கி வைத்திருந்தாள்.

கொளஞ்சியம்மாளுக்கு மூச்சு சரியாக வரவில்லை. ஆனாலும் முகம் தெளிந்திருந்தது. தையல்நாயகி போனை வைக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு காலை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"இன்னொருக்கா அமுத்திப் பாரு தையலு."